வேலூரில் இத்தனை ஆஸ்பத்திரி இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் ஏன் பெட் கிடைப்பதில்லை?

கேள்வி இது: "நாங்கள் பேர்ணாம்பட்டு. போன கார்த்திகையில் அப்பாவை மூச்சுத்திணறலோடு வேலூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் உடனே பார்த்தார், அட்மிஷனும் போட்டார். ஆனால் விடிய விடிய கேஷுவாலிட்டி ஸ்ட்ரெச்சரிலேயே படுக்க வைத்திருந்தார்கள், மேலே பெட் இல்லையாம். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் தங்கை, அங்கேயும் குளிர்காலத்தில் இதே கதைதான் என்கிறாள். அங்கே பனி கொட்டுகிறது, சரி. நமக்கு என்ன கேடு? தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் ஏன் இப்படி?"

இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில், அரசாங்கம் தனியார் இரண்டிலும், கேஷுவாலிட்டி டியூட்டி பார்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அப்பா ஸ்ட்ரெச்சரில் கிடந்ததற்கு அன்று ராத்திரி கேஷுவாலிட்டிக்கு வந்த கூட்டம் முக்கியக் காரணமாக இருந்திருக்காது. காலை ஒன்பது மணிக்கே "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லப்பட்ட யாரோ ஒருவர் ராத்திரி வரை பெட்டைக் காலி செய்யவில்லை, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே முடிந்திருக்க வேண்டிய சில கேஸ்கள் அன்று வேலூர் வரை வந்துவிட்டன. பெரும்பாலும் இந்த இரண்டும்தான். நெரிசல் கண்ணுக்குத் தெரிவது வாசலில், அதனால் எல்லோரும் வாசலைத்தான் திட்டுகிறார்கள். அடைப்பு இருப்பது மாடியிலும், அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்களிலும்.

தங்கை சொன்னது உண்மைதான். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் 95 சதவீதம் பேரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து, அட்மிட் செய்யவோ வேறு இடத்துக்கு மாற்றவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 2015 ஜூலைக்குப் பிறகு நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாதம்கூட அதை எட்டவில்லை. ஃப்ளூ, சிறுவர்களுக்கு நெஞ்சுச்சளி, வயசானவர்கள் வழுக்கி விழுவது என்று குளிர்காலத்துக்கே உரிய கேஸ்கள் அங்கே உண்டு. ஆனால் அங்கேயும் பெரிய தலைவலி, உடம்பு சரியாகிவிட்ட முதியவரை அனுப்ப வழியில்லாமல் வார்டிலேயே வைத்திருப்பதுதான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, முதியோர் இல்லத்தில் இடம் இல்லை. அவர் போகாததால் கீழே இருப்பவர் மேலே ஏற முடியாது, கீழே இடம் இல்லாததால் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கும். இந்தக் காத்திருப்பு வெறும் அசௌகரியம் இல்லை, அங்கே கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள்: வார்டுக்குப் போவது 6 முதல் 8 மணி நேரம் வரை தாமதமான ஒவ்வொரு 82 பேருக்கும் ஒருவர் கூடுதலாக 30 நாளுக்குள் இறக்கிறார் என்று 2022-ல் வந்த ஆய்வு சொன்னது.

இதில் எளிமையான ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு ஆஸ்பத்திரியில் 100 பெட். ஒருவர் சராசரியாக 4 நாள் தங்கினால் ஒரு நாளைக்கு 25 பேரைச் சேர்க்கலாம். அதே ஆள் 5 நாள் தங்கினால் 20 பேரைத்தான் சேர்க்க முடியும். வாசலுக்கு வருபவர் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, ஆனாலும் தினம் 5 பேர் ஸ்ட்ரெச்சரில் நிற்பார்கள். மழைக்காலத்து நோயாளிகள் அப்படித்தான், எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுவார்கள், தங்கும் நாளில் நிறையக் கூட்டுவார்கள். இன்னொன்று, பெட் 100 சதவீதம் நிரம்பும்போதுதான் சிக்கல் வரும் என்று நினைக்கக் கூடாது. அவசர கேஸ் ஒழுங்காக வராது, ஒருநாள் பத்து வரும், மறுநாள் இருபத்தைந்து வரும். 1999-ல் இங்கிலாந்தில் ஒரு மாதிரி ஆஸ்பத்திரியைக் கம்ப்யூட்டரில் ஓட்டி இதை ஆராய்ந்தவர்கள், சராசரியாக 85 சதவீதம் பெட் நிரம்பியிருந்தாலே சில நாட்களில் இடம் இல்லாத நிலை வரத் தொடங்கும், 90-ஐத் தாண்டினால் அது வாடிக்கையாகிவிடும் என்றார்கள். நம்ம ஊர் பெரிய ஆஸ்பத்திரிகளில் 90 என்பது சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

ஏன் எப்போதும் நிறைந்தே இருக்கிறது? வேலூர் என்றாலே ஆஸ்பத்திரி என்று பெயராகிவிட்டது. 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக வளர்ந்து, காட்பாடியில் இறங்கும் வங்காளி, ஜார்க்கண்ட் குடும்பங்களுக்காக ஒரு தெருவே லாட்ஜும் மீன்குழம்பு மெஸ்ஸுமாக மாறிவிட்டது. அவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே தேதி வாங்கி, டிக்கெட் எடுத்து, ஆபரேஷனுக்கு வருபவர்கள். வருஷம் முழுக்க அந்த வரத்து இருக்கும். அதன் மேல் பழைய வட ஆற்காடு முழுக்க, அப்புறம் திருவண்ணாமலை, சித்தூர் பக்கம் என்று அவசர கேஸ்கள் வரும். 2019-ல் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள், கலெக்டர் ஆபீஸ் மூன்றானது. ஆனால் வாணியம்பாடியில் தலையில் அடிபட்டவரை ஏற்றும் வண்டி இன்னமும் கிழக்கே வேலூர் பக்கம்தான் திரும்புகிறது. அடுக்கம்பாறையில் 2005-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, 2022-ல் சி.எம்.சி. ராணிப்பேட்டை வளாகத்தை நெடுஞ்சாலையை ஒட்டியே திறந்து விபத்துச் சிகிச்சையை அங்கே கொண்டுபோனது. பெரிய உதவிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வரும் பெட் சும்மா இருக்காது, திறந்த கொஞ்ச நாளிலேயே அதற்கும் ஆள் வந்துவிடுவார்.

இனி சீசனுக்கு வருகிறேன். இங்கிலாந்துக்கு ஒரு குளிர்காலம் என்றால் நமக்கு வருஷத்தில் மூன்று உண்டு, அதில் மோசமானது உங்கள் அப்பா வந்த நேரம்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் இறங்குகிறது. ஆனால் நம்ம பக்கம் ஆடி, ஆவணியிலும் சாயங்கால இடி மழை கணிசமாகப் பெய்வதால் கொசு அப்போதே குடும்பம் நடத்தத் தொடங்கியிருக்கும். டெங்கு ஏறும். டெங்குவில் பெட்டைத் தின்பது நோயைவிட பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தது என்று லேப் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நடந்து வந்து, "எப்படியாவது அட்மிட் பண்ணுங்க சார்" என்பார்கள். பிளேட்லெட் எண்ணை மட்டும் வைத்து யாரையும் படுக்க வைக்கத் தேவையில்லை. ரத்தக்கசிவு இல்லாமல் 10,000-க்குக் கீழே போகாதவரை பொதுவாக பிளேட்லெட் ஏற்றுவதும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: காய்ச்சல் ஆரம்பித்த 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற அந்த நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். அந்த நேரத்தில் விடாத வயிற்றுவலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, ஒரே சோர்வு, ஒன்றுக்குப் போவது குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓடி வர வேண்டும். வீட்டிலோ "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆக வரவேண்டியவர் வீட்டில் இருப்பார், வீட்டில் கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் குடித்துக்கொண்டு தினம் ஒருமுறை டாக்டரிடம் காட்டினாலே போதுமானவர் பெட்டில் இருப்பார். இதில் ஊசி வேறு. காய்ச்சலுக்கு ஊசி போட்டால்தான் மருத்துவம் என்று நம்புகிற ஊர் இது, டெங்குக் காய்ச்சலில் வலி ஊசி போட்டு வயிற்றில் ரத்தக்கசிவோடு வருபவர்களை ஒவ்வொரு மழைக்கும் பார்க்கிறோம். பாராசிட்டமால் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

அதே மாதங்களில்தான் ஸ்க்ரப் டைஃபஸ், நம்ம வாயில் உண்ணிக் காய்ச்சல். புதர், வரப்பு, புல் வெட்டும் இடங்களில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. டிசம்பர், ஜனவரி வரை இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எல்லாம் வேண்டாம், ஆளைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பெண்களுக்குப் பாவாடை நாடா கட்டுகிற இடுப்பு மடிப்பு. எங்கள் சிஸ்டர் ஒருவர் அந்த நாடாவைத் தளர்த்திப் பார்த்தே பாதி கேஸைப் பிடித்துவிடுவார். பார்த்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, பல பேருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் அடங்கும், பெட்டே வேண்டாம். பார்க்காமல் விட்டால் ஏழாவது, எட்டாவது நாளில் நுரையீரல் கெட்டு, மூச்சுக்குத் தவித்து, வென்டிலேட்டரில் ஒரு வாரம். தீவிரமானவர்களுக்கு டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ரத்தக் குழாயில் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று உலகத்துக்குச் சொன்னது, வேலூர் சி.எம்.சி. முன்னின்று இந்தியாவில் 7 மையங்களில் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வுதான். ஒரு பொருக்கைத் தாலுகாவில் பார்த்திருந்தால் ஒரு ஐசியூ பெட் மிச்சம். சீசன் நெரிசல் என்று நான் சொல்வது இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் சேருகிறது.

அப்புறம் பாம்பு. மழையில் பொந்தில் தண்ணீர் ஏறும், நெல் வயலில் எலி, எலிக்குப் பின்னால் அது. கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது. இதற்கு இன்னமும் நம்பகமான சோதனை ஒரு சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாய்தான்: 2 மில்லி ரத்தத்தை அதில் விட்டு, 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும், வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் தப்பான விடை வரும். நெரிசலான ராத்திரியில் அந்த 20 நிமிஷத்தை நினைவு வைத்துக்கொள்வது லேசில்லை, நாங்கள் பிளாஸ்டரில் நேரத்தை எழுதிக் குழாயிலேயே ஒட்டிவிடுவோம். கட்டுவிரியன் இன்னொரு தினுசு, தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், வீக்கமே இருக்காது, விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், கண் இமை தொங்கும், மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து அரசு தாலுகா ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. முதல் 8, 10 குப்பியை அங்கேயே ஏற்றிவிட்டு அனுப்பினால் ஆளும் பிழைப்பார், இங்கே வந்தபிறகு ஆகும் வேலையும் குறையும். "வேலூருக்கே போயிடலாம்" என்று குடியாத்தத்தைத் தாண்டி வருவதுதான் விபரீதம். மலைக்காரர்கள் நிலைமை வேறு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் ஆஸ்பத்திரி வந்துசேர நேரமாகி இறந்துபோனது செய்தியானது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழக அரசு அறிவித்தது. எங்கே எவ்வளவு நடக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்தை எங்கே வைப்பது என்று தெரியும்.

இதெல்லாம் போதாதென்று ஃப்ளூ. வட இந்தியாவில் அது மழை மாதங்களில் ஏறுகிறது என்றால், சென்னைப் பக்கத்துக் கணக்குப்படி நமக்கு அக்டோபர், நவம்பர். மார்கழிக் குளிர், பாலாற்றுப் பக்கத்து விடியற்காலை மூட்டம், போகிப் புகை எல்லாம் சேர்ந்து நுரையீரல் நோயாளிகளைத் தை வரை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் அப்பா மாதிரி ஆள் இரண்டு நாளில் வீடு திரும்ப முடியாது. ஆக்சிஜன் படிப்படியாகக் குறைக்க வேண்டும், ஆறேழு நாள். மேலே சொன்ன 4 நாள் 5 நாள் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. டெங்கு, உண்ணிக் காய்ச்சல், பாம்பு, ஃப்ளூ, ஆஸ்துமா என்று நாலைந்து அலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற இடம்தான் கார்த்திகை. இதற்கு நடுவில் 2021 நவம்பர் மாதிரி பாலாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் முழுகினால், வண்டி சுற்றிக்கொண்டு வரவேண்டும், தேறியவரும் வீட்டுக்குப் போக முடியாது.

மற்ற இரண்டு சீசனைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பொங்கலில் ஆரம்பித்து மாசி, பங்குனி வரை ஊர் ஊராக எருது விடும் விழா. மாடு பிடிப்பதில்லை, குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு வேகமாக ஓடுகிறது என்பதுதான் போட்டி. அடிபடுவது பெரும்பாலும் ஓடுபாதைக்குள் இறங்கி நின்று செல்போனில் படம் எடுக்கும் பையன்கள். தொடையில், வயிற்றில் கொம்பு, அல்லது தள்ளிவிடப்பட்டுத் தலை தரையில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாக்கில் வருவார்கள், ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர், கூட ஊரே வரும். ஒருவருக்கு ஆபரேஷன் தியேட்டர் தேவைப்பட்டால் அன்றைய ரத்த வங்கி, மயக்க டாக்டர் எல்லாம் அங்கேயே. இதோடு பொங்கல், தீபாவளி விடுமுறைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற மொத்தப் போக்குவரத்தும் நம்ம நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது.

மூன்றாவது வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, கத்திரியில் 40 டிகிரி என்பது எங்களுக்குக் குளிர்ச்சியான நாள். செங்கல் சூளை, நூறு நாள் வேலை, தகரக் கூரைக்குக் கீழே தோல் வேலை. ஆனால் வெயில் கேஸ் என்றால் ரோட்டில் மயங்கி விழுபவர் மட்டும் இல்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் எழுபது வயது அம்மா, பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர், பசியில்லை என்று வெறும் தண்ணீராகக் குடித்து, உப்பு இறங்கி, உளறிக்கொண்டு வருவார். வீட்டில் "பக்கவாதம் வந்துடுச்சு" என்று பயந்து கொண்டுவருவார்கள். உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் மூளைக்கு ஆபத்து, ஆகவே நாலைந்து நாள். அதே மே மாதம் பள்ளிக்கூட லீவ், குழந்தைகளுக்கு டான்சில், குடலிறக்க ஆபரேஷன் எல்லாம் அப்போதுதான் போடுவார்கள், திட்டமிட்ட ஆபரேஷனும் அவசர கேஸும் ஒரே பெட்டுக்கு மோதும். தேர்வு முடிவு வருகிற வாரம் வேறு விதமான துக்கம் வாசலுக்கு வரும். அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை, மனநல உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ எந்த நேரத்திலும் பேசலாம் என்பதை மட்டும் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது, வெயிலில் இறந்தால் நிவாரணம் உண்டு. தாமதம்தான், ஆனாலும் சரியான காரியம்.

சரி, மாடிக்கு வருவோம். ஒரு டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் "இன்னிக்கு அனுப்பிடலாம்" என்பார். ஜூனியர் டாக்டர் சம்மரி எழுத வேண்டும், ஆனால் அவர் ரவுண்ட்ஸ் முடிய பதினொன்றரை, அதற்குள் கேஷுவாலிட்டியிலிருந்து புது கேஸ் பார்க்கக் கூப்பிடுவார்கள். (வருஷத்தில் சில வாரம், பழைய ஹவுஸ் சர்ஜன்கள் முடித்துப் போய்ப் புதியவர்கள் வரும் நேரத்தில், சம்மரி எழுதவே ஆள் இருக்காது.) சம்மரி டைப் ஆகி, மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பி, பில் போட்டு, காப்பீடு என்றால் கடைசி ஒப்புதல் வரும்வரை காத்திருந்து, மூன்று மணி. அப்போது வீட்டில் பெரியவர் போன் பண்ணுவார், "இன்னிக்கு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வரவேணாம்." அல்லது அஷ்டமி. அல்லது மூன்று முதல் நாலரை வரை ராகு காலம் இல்லையா, அது முடியட்டும். அதற்குப் பிறகு வாணியம்பாடியிலிருந்து வேன் வரவேண்டும். ராத்திரி எட்டரைக்குப் பெட் காலியாகி, துடைத்து, விரிப்பு மாற்றி ஒன்பதே கால். கீழே உங்கள் அப்பாவுக்கு அட்மிஷன் போட்டது மத்தியானம் என்றால் பாருங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, ஒவ்வொருவர் காரணமும் நியாயமானதுதான். ஆனால் அந்த 12 மணி நேரம் அந்தப் பெட்டில் மருத்துவம் எதுவும் நடக்கவில்லை. சனி, ஞாயிறு பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் இல்லாத இடங்களில் முடிவு எடுக்கவே ஆள் இல்லை, அதனால் திங்கட்கிழமை எப்போதும் மோசம்.

புது வார்டு கட்டுவதற்கு முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. நாளை யாரை அனுப்பலாம் என்று முதல் நாள் சாயங்காலமே முடிவு செய்து சம்மரியை ராத்திரியே தயாராக வைப்பது, போகப்போகிறவரை பெட்டிலிருந்து எழுப்பி நாற்காலி போட்ட ஒரு அறையில் உட்கார வைப்பது, ஐப்பசி முதல் தை வரை அவசரமில்லாத ஆபரேஷன் தேதிகளைக் குறைத்துக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மூத்த டாக்டர் டிஸ்சார்ஜுக்காகவே ஒரு சுற்று வருவது. இவற்றில் இரண்டைச் செய்த வார்டில் வித்தியாசம் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் ஆரம்பித்து ஜனவரியில் மறந்துவிடுவார்கள். தனியார் என்றால் ஆபரேஷன் தேதியைக் குறைப்பது வருமானத்தைக் குறைப்பது, அதை ஏன் வாய்விட்டுச் சொல்லமாட்டேன் என்கிறார்கள் என்று தெரியவில்லை.

தாலுகா விஷயத்தில் வழி இருக்கிறது என்பதற்கு நெஞ்சுவலியே சாட்சி. மாரடைப்புக்குச் சின்ன ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, அங்கேயே ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புகிற முறையைத் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள், அதில் வேலூர் சி.எம்.சி.யும் ஒரு மையம். 2,420 நோயாளிகள், ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. விபத்துக்கு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது, முதல் 48 மணி நேரம் காசு கேட்காமல் பார்க்க வேண்டும். இதே ஒழுங்கு காய்ச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் இன்னும் வரவில்லை. ஆறு மணிக்கு மேல் டியூட்டியில் ஒரே டாக்டர், பிரசவமும் அவர்தான், விபத்தும் அவர்தான் என்றால் அவர் "வேலூர் போங்க" என்று எழுதத்தான் செய்வார். அனுப்புமுன் ஒரு போன் அடித்துப் பெட் இருக்கிறதா என்று கேட்கிற பழக்கமாவது வரலாம், பாதிப் பேர் அதையும் செய்வதில்லை.

இன்னொன்று, எங்களுக்குப் பிறகு வந்தவரை முன்னால் பார்த்தார்கள் என்று சண்டை நடக்காத ராத்திரி இல்லை. வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள், வரிசை அதன்படிதான். அப்பாவை உடனே பார்த்தார்கள் என்றால் அவர் சிவப்பிலோ மஞ்சளிலோ இருந்திருக்கிறார். பச்சையில் இருப்பவர்கள் கூச்சல் போடுவார்கள், ஆனால் இடத்தை அடைப்பது அவர்கள் இல்லை. அவர்களுக்கு ஒரு நாற்காலியும் ஒரு சீட்டும் போதும்.

இனி உங்கள் அப்பாவுக்கு. புகைத்த காலத்து நுரையீரல் அடைப்பா, ஆஸ்துமாவா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் ஃப்ளூ தடுப்பூசியைப் புரட்டாசிக்குள், செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள், பலன் வர இரண்டு வாரம் ஆகும். நிமோனியா தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். இன்ஹேலரை மூச்சு முட்டும்போது மட்டும் எடுப்பவராக இருந்தால், தினசரி எடுக்க வேண்டியது எது என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இருந்தால், அவர் நன்றாக இருக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். நுரையீரல் அடைப்புக்காரர் பலருக்கு 88 முதல் 92 தான் இலக்கு, 98-க்கு ஏற்ற வேண்டும் என்று ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் கெடுதல், ஆம்புலன்ஸில் வருபவரிடமும் அதைச் சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

திரும்பவும் மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள், கார் எடுத்துக்கொண்டு நேராக வேலூருக்கு ஓட வேண்டாம். பேர்ணாம்பட்டிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, வழியில் குடியாத்தம் இருக்கிறது, அது இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனை. நெபுலைசர், ஆக்சிஜன், ஸ்டீராய்டு ஊசி, இந்த மூன்றும் முதல் அரை மணி நேரத்தில் போனாலே நிறையப் பேருக்கு மேலே வரத் தேவையிருக்காது. தேவைப்பட்டால் அங்கிருந்து பேசிவிட்டு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அப்படி வருபவருக்குப் பெட் தேடும் வேலை அவர் வண்டியில் இருக்கும்போதே தொடங்கிவிடும். அப்புறம், அவர் தேறி டிஸ்சார்ஜ் சொல்கிற அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் மத்தியானத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்துவிடுங்கள்.